வக்கீலம்மாவிடம் கேளுங்கள்: கடல் தாண்டினால் மார்க்கா யாருக்கு?

போன மாதம் பட்டா மாறுதலைப் பற்றி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்கள் வேறு திசையிலிருந்து வந்திருக்கின்றன. போடி, செங்கோட்டை, களியக்காவிளை, மறையூர் என்று எல்லையோரத்து ஊர்கள்தான் எல்லாம். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வெளிநாடு இருக்கிறது. முதல் கடிதத்துக்கு இடம் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் படிக்கும்போது தெரியும்.

வணக்கம் அம்மா. போடியில் ஏலக்காய் வியாபாரம். கிளிப்படம் போட்ட மார்க்கா எங்கள் தாத்தா காலத்தது. 2016 முதல் அதே மார்க்காவில் கால் கிலோ டப்பா போட்டு துபாய்க்கு அனுப்பி வந்தோம். அங்கே ஒரே ஒரு இறக்குமதியாளர்தான். போன வருஷம் விலையில் தகராறு வந்தது. வேறு ஆளுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, 'அந்த மார்க்கா இங்கே என் பேரில் பதிவாகியிருக்கிறது, நீங்கள் அனுப்பினால் துறைமுகத்திலேயே பிடிக்கச் சொல்வேன்' என்கிறார். இப்போது குவாத்தமாலா காயை எங்கள் டப்பா மாதிரியே அச்சடித்து அடைத்து விற்கிறார். இந்தியாவில் எங்களுக்குப் பதிவு இருக்கிறது. அது போதாதா?
பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்

போதாது தம்பி. மார்க்கா பதிவு என்பது நாட்டுக்கு நாடு தனி. 1999-ம் வருஷத்து நம் வணிகச் சின்னச் சட்டம் இந்திய எல்லைக்குள் உங்களுக்குக் காவல். கொச்சியில் கன்டெய்னர் கப்பலேறிய பிறகு அந்தக் காவல் கூட வருவதில்லை. டப்பாவை எந்த நாட்டில் திறக்கிறார்களோ, அந்த நாட்டுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் அங்கே முதலில் பார்க்கப்படும்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். என் அப்பாவும் ஏலக்காய் வியாபாரிதான். தொண்ணூறுகளில், நான் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வளைகுடாவில் ஒரு வியாபாரிக்கு எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். சாக்கில் குத்துவிளக்குப் படம். தேனியில் சினிமா பேனர் வரையும் ஒருவரிடம் சொல்லி வரைந்து வாங்கியது. ஏழு வருஷம் அந்த விளக்கு போய் வந்தது. எட்டாவது வருஷம் பாக்கிப் பணம் கேட்டபோது வந்த பதில் உங்களுக்கு வந்த அதே பதில்தான். துறைமுகத்தில் நின்ற சரக்கு மூன்று மாதம் கழித்து நிறம் போய்த் திரும்பியது. பச்சை போன காய்க்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதற்குப் பிறகு எந்த மார்க்காவும் வைக்கவில்லை. வெறும் சாக்கில்தான் விற்றார். அன்று எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை. உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தைரியம் சொல்லும் செய்தி. ஏஜென்ட் முதலாளியின் மார்க்காவைத் தன் பெயரில் பதிந்துகொள்வது நூறு வருஷப் பழக்கம். அதற்காகவே, மார்க்கா போன்ற உரிமைகளுக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கையில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாட்டில் மார்க்காவுக்குச் சொந்தக்காரராக இருப்பவரின் ஏஜென்டோ பிரதிநிதியோ, அவர் சம்மதமில்லாமல் இன்னொரு நாட்டில் அதைத் தன் பெயரில் பதிந்தால், சொந்தக்காரர் அதை எதிர்க்கலாம், ரத்து செய்யக் கேட்கலாம், அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் தன் பெயருக்கே மாற்றித் தரவும் கேட்கலாம். இந்தியா 1998 டிசம்பரில் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அமீரகமும் அதில் இருக்கிறது. உங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் இதில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். மார்க்கா முதலில் உங்களுடையது என்பது ஒன்று. அவர் உங்கள் ஏஜென்டாகவோ, அதற்குச் சமமான உறவிலோ இருந்தார் என்பது இன்னொன்று. பல வழக்குகள் இந்த இரண்டாவதில்தான் தடுமாறுகின்றன. 'நான் ஏஜென்ட் இல்லை, சரக்கு வாங்கியவன், அவ்வளவுதான்' என்பார் அவர். ஆகவே 2016 முதல் உள்ள ஒவ்வொரு இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், வங்கியில் பணம் வந்த சான்று, டப்பா அச்சடித்த சிவகாசி பில், அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கட்டுங்கள். 'உங்கள் கிளிக்கு இங்கே நல்ல பேர், இன்னும் 200 பெட்டி அனுப்புங்கள்' என்ற மாதிரி அவர் எழுதிய ஒரு வரி கிடைத்தால் போதும், அது தங்கம். மார்க்கா உங்களுடையது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும். போனை மாற்றுவதற்கு முன் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, அமீரகத்தில் ஒரு வக்கீலை வைத்தாக வேண்டும். இங்கிருந்து நான் கடிதம் எழுதிப் பயனில்லை. நீங்கள் அவருக்குத் தரும் அதிகாரப் பத்திரத்துக்கு நோட்டரி, நம் வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். அரபியில் மொழிபெயர்ப்பும் வேண்டும். இதற்கே பல வாரங்கள் ஓடும். அதனால் இன்றே தொடங்குங்கள். அவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த இறக்குமதியாளர் தன்னை உங்களுடைய வணிக ஏஜென்டாகவும் அங்கே பதிந்திருக்கிறாரா? அமீரகத்தில் ஏஜென்சிக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 1981-ல் வந்த பழைய சட்டத்தின் இடத்தில் 2022-ல் புதியது வந்தது. பதிவு பெற்ற ஏஜென்டை நினைத்தவுடன் நீக்க முடியாது. நீங்கள் அவரிடம் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைத் தேடி எடுங்கள். 'கஸ்டம்ஸுக்கு வேண்டும்' என்று வாங்கிய கையெழுத்தாகக்கூட இருக்கலாம்.

வழக்கு முடியும் வரை அந்த மார்க்காவில் வேறு யாருக்கும் துபாய்க்குச் சரக்கு அனுப்பாதீர்கள். அநியாயம்தான், எனக்கும் எழுத மனம் வரவில்லை. ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும்வரை அந்த ஊர்ச் சட்டப்படி கள்ளச்சரக்கு உங்களுடையது. வியாபாரம் நிற்கக்கூடாது என்றால் வேறு படத்தில், வேறு பெயரில் அனுப்புங்கள். அந்தப் புதுப் பெயரை அனுப்புவதற்கு முன்பே அங்கே பதிந்துவிடுங்கள்.

அவர் கை இன்னும் நீளாத நாடுகளில் இப்போதே முந்திக்கொள்ளுங்கள். இதற்கு மாட்ரிட் முறை இருக்கிறது. இந்தியா அதில் சேர்ந்தது 2013 ஜூலை 8. உங்கள் இந்தியப் பதிவை அடிப்படையாக வைத்து, நம் பதிவு அலுவலகம் வழியாக ஆன்லைனில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிக்கலாம். ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இதில் உண்டு. அமீரகம் 2021 டிசம்பர் 28-ல் வந்தது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்துக்கு அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைச் சின்னத்துக்கு 653 ஸ்விஸ் ஃபிராங்க், வண்ணத்துக்கு 903. நாடு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் தனி. வளைகுடா நாடுகளில் அது கனம்தான். மாட்ரிட்டில் இல்லாத நாட்டுக்கு அந்த ஊர் வக்கீல் மூலம் தனியாகப் போக வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் பொதுவான சட்டம் இருக்கிறதே, ஓர் இடத்தில் பதிந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சட்டத்தின் வாசகம்தான் பொது. பதிவு நாட்டுக்கு நாடு தனி.

மாட்ரிட்டில் ஒரு கவனம் வேண்டும். முதல் 5 வருஷம் அந்த வெளிநாட்டுப் பதிவுகள் எல்லாம் இந்தியப் பதிவில் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே அது விழுந்தால் அங்கேயும் விழும். உங்கள் இந்தியப் பதிவின் 10 வருஷம் எப்போது முடிகிறது என்று இன்று மாலையே பாருங்கள்.

மார்க்காவின் பெயர் 'ப'வில் தொடங்குகிறது என்று உள்ளே எழுதியிருந்தீர்கள். அரபியில் ஆங்கில 'p' ஒலி கிடையாது, 'b' ஒலியாகத்தான் சொல்வார்கள், எழுதுவதும் அப்படித்தான். இன்னொன்று, அங்கே அரிசி மூட்டையையும் தேயிலையையும் சனங்கள் படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். குவளைப் படம் போட்டிருந்தால் 'குவளைக்காரர்' என்கிற மாதிரி 'அபூ' சேர்த்து ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். ஆகவே தமிழ், ஆங்கில எழுத்துகளில் உள்ள பெயர் மட்டும் போதாது. கிளிப்படம் தனியாக, அரபி எழுத்தில் பெயர் தனியாக என்று விண்ணப்பியுங்கள். பதிவேட்டில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள், மசாலாப் பொருள் 30-வது வகுப்பு.

சமாதானம் பேச வந்தால் கதவை அடைக்க வேண்டாம். ஐபேட் என்ற பெயர் சீனாவில் வேறொரு நிறுவனத்தின் பதிவில் இருந்ததால், ஆப்பிள் நிறுவனமே 2012-ல் 6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் பர்கர் கிங் கடைகள் இன்றுவரை ஹங்ரி ஜாக்ஸ் என்ற பெயரில்தான் நடக்கின்றன. அவர்கள் போவதற்கு முன்பே அங்கே ஒரு சிறு கடைக்காரர் அந்தப் பெயரை வைத்திருந்தார். வழக்குச் செலவையும் மார்க்காவை விலைக்குத் திரும்ப வாங்கும் செலவையும் இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் பழைய சரக்கின் பாக்கியை மார்க்கா பேரத்தோடு கலக்க விடாதீர்கள். என் அப்பா கலக்க விட்டார், இரண்டும் போயிற்று.

அக்கா, நான் நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு விற்கிறேன். என் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். அங்கே கடைகளுக்குக் கொடுக்கலாம் என்கிறான். பதிவை அவன் பேரிலேயே செய்தால் செலவும் அலைச்சலும் குறையும் என்கிறான். செய்யலாமா?
வாசகி, செங்கோட்டை

உங்கள் பேரில் செய்யுங்கள் அம்மா. தம்பி மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நாளைக்கு அவருக்குக் கடன் வந்தால், கூட்டாளியோடு பிரச்சினை வந்தால், அவர் பெயரில் உள்ள சொத்தாகத்தான் உங்கள் ஊறுகாய்ப் பெயரும் கணக்கில் வரும். அவருடைய வாரிசுகளுக்கும் அப்படித்தான் போகும்.

முதலில் இந்தியாவில் விண்ணப்பம் போடுங்கள். ஊறுகாய் 29-வது வகுப்பு. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் அங்கேயும் இந்தியத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். இடையில் வேறு யாராவது அங்கே புகுந்திருந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். அப்புறம், தம்பிக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் மட்டும் எழுத்தில் கொடுங்கள். பெயர் அக்காவுடையது, அவர் எந்த ஊரிலும் பதிய மாட்டார், வியாபாரம் நின்றால் பயன்பாடும் நிற்கும் என்று மூன்று வரி இருக்க வேண்டும். கேட்டால் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் இருவரும் பண்டிகைக்கு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தாள்.

வட்டத்துக்குள் ஆர் போட்ட முத்திரையை லேபிளில் இப்போதே அச்சடிக்க வேண்டாம். விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கும்போது அதைப் போடுவது தவறு, தண்டம் உண்டு. டி.எம். என்று போடலாம்.

வக்கீலம்மா, களியக்காவிளையில் நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் போட்டு விற்கிறோம். 1998-ல் அப்பா வைத்த பெயர். போன வாரம் ஒரு வெளிநாட்டு உணவு நிறுவனத்தின் சார்பாக டெல்லி வக்கீலிடமிருந்து நோட்டீஸ். அவர்கள் பெயரும் எங்கள் பெயரும் ஒன்றாம். 15 நாளில் போர்டை எடுக்க வேண்டுமாம். கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரமும் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
வாசகர், களியக்காவிளை

முதலில் தூங்குங்கள். நோட்டீஸ் தீர்ப்பு இல்லை. அந்த உறுதிமொழிப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பயத்தில் போட்ட கையெழுத்தை அழிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்காகப் பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். பேசாமல் இருந்தால், டெல்லியில் வழக்குப் போட்டு உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்க அவர்களுக்கு வசதியாகிவிடும்.

உங்கள் வழக்கு தேதிகளில் இருக்கிறது. மூன்று தேதிகள் வேண்டும்: அவர்கள் இந்தியாவில் அந்தப் பெயரைப் பதிந்தது எப்போது, இந்தியாவில் விற்கத் தொடங்கியது எப்போது, நீங்கள் தொடங்கியது எப்போது. முதலாவதைப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். அவர்களுடைய பதிவு, பயன்பாடு இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே நீங்கள் விடாமல் பயன்படுத்தி வந்திருந்தால், சட்டத்தின் 34-வது பிரிவு உங்களைக் காக்கும்.

அவர்கள் உடனே சொல்வார்கள், 'எங்கள் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது' என்று. அந்த வாதத்துக்கு இரண்டு பக்கமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 1996-ல் வேர்ல்பூல் வழக்கில் வெளிநாட்டு நிறுவனம் ஜெயித்தது. புதுப்பிக்காமல் விட்டதால் அவர்களுடைய இந்தியப் பதிவு 1977-லேயே போயிருந்தது. இடையில் வேறொருவர் அதே பெயரைப் பதிந்தும் விட்டார். ஆனாலும் விளம்பரங்கள் வழியாகவும் இங்கே நடந்த விற்பனை வழியாகவும் அந்தப் பெயர் இந்தியருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2017 டிசம்பர் 14-ல் வந்த பிரியஸ் தீர்ப்பு நேர் எதிர். டொயோட்டா அந்தக் காரை ஜப்பானில் 1997-ல் விட்டது. இந்திய நிறுவனம் ஒன்று 2001-ல் அதே பெயரில் கார் உதிரிப் பொருள்கள் விற்கத் தொடங்கியது. 2001-ல் இந்தியாவில் அந்தப் பெயருக்குப் போதுமான நற்பெயர் இருந்ததாக டொயோட்டாவால் காட்ட முடியவில்லை. உலகப்புகழ் தனி, அந்தத் தேதியில் இந்தியாவில் இருந்த புகழ் தனி என்றது நீதிமன்றம். என் பார்வையில் இது நியாயமான தீர்ப்பு. வெளிநாட்டில் ஒரு பெட்டியின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று 1998-ல் களியக்காவிளையில் எண்ணெய்ச் சட்டி வைத்தவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் நீங்கள் 1998-ஐ நிரூபிக்க வேண்டும். பஞ்சாயத்து உரிமம், பழைய பில் புத்தகம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, தேங்காய் எண்ணெய் வாங்கிய ரசீது, எதுவாக இருந்தாலும் எடுங்கள். முன்பு ஒருவருக்குக் கைகொடுத்தது ஒரு கல்யாண ஆல்பம். பெண்ணழைப்பு ஊர்வலத்தின் பின்னால் கடைப் பெயர்ப்பலகை தெளிவாக விழுந்திருந்தது. ஓணத்துக்குக் கொடுத்த விளம்பரம், கோயில் கொடை நோட்டீஸில் உபயதாரர் பெயர், சர்ச் திருவிழா மலர் என்று நம் பக்கத்தில் தேதி அச்சடித்த சான்றுகளுக்குக் குறைவே இல்லை. அப்பா ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தங்கை பெயர் என்றால் அவருடைய பிறப்புச் சான்றிதழை இணையுங்கள்.

அவர்கள் 1998-க்கு முன்பே இங்கே பதிந்திருந்தால் கதை மாறும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்போது பெயருக்கு முன் ஊர்ப்பெயரையோ குடும்பப் பெயரையோ சேர்த்து மாற்றிக்கொள்ள ஒரு வருஷம் அவகாசம் கேட்டுப் பேசலாம். எப்படிப் போனாலும், இத்தனை வருஷம் நீங்கள் பதியாமல் இருந்ததுதான் நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்குத் துணிவு தந்தது. சிப்ஸ் 29-வது வகுப்பு, முறுக்கு 30. இரண்டிலும் 1998 முதல் பயன்பாடு என்று குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். நாகர்கோவிலில் ஒரு வக்கீலை உடனே பாருங்கள்.

அம்மா, மறையூரில் கரும்பு போட்டு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறோம். எங்கள் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லண்டனில் இருக்கும் மருமகன் அங்கே ஒரு கடையில் மறையூர் வெல்லம் என்று பாக்கெட் பார்த்தாராம். வாங்கிப் பார்த்தால் நம் காய்ச்சலே இல்லை என்கிறார். குறியீட்டை வைத்துத் தடுக்க முடியுமா?
வாசகர், மறையூர்

இந்தியக் குறியீட்டை மட்டும் வைத்து லண்டன் கடையைத் தடுக்க முடியாது. மார்க்காவைப் போலவே இதுவும் நாட்டுக்குள் அடங்கியது. டார்ஜிலிங் தேயிலைக்கு இங்கே 2004-லேயே பதிவு கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாகப் பதிவு கிடைத்தது 2011-ல். இங்கிலாந்து ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் 2021 முதல் அங்கே குறியீட்டுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. அதில் ஏற வேண்டுமென்றால் தனி விவசாயியால் ஆகாது. குறியீட்டை வைத்திருக்கும் சங்கம்தான் போக வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

அதுவரை கையில் இருப்பதைச் செய்யலாம். நீங்கள் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்கிறீர்களா? சென்னை கிண்டியில் உள்ள பதிவேட்டில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2020-ல் விதியைத் திருத்திக் கட்டணத்தை 10 ரூபாயாக்கினார்கள். உங்கள் அஞ்சுநாட்டுப் பகுதி விவசாயிகள் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை இது. போலி வெல்லம் இந்தியாவிலிருந்துதான் பாக்கெட் ஆகிப் போகிறது என்றால் இங்கேயே வழக்குப் போட அந்தப் பதிவு உதவும். பாக்கெட்டின் பின்பக்கம் ஏற்றுமதி செய்தவர் விலாசமும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தவறான ஊர்ப்பெயர் போட்டு விற்பது இங்கிலாந்திலும் நுகர்வோரை ஏமாற்றுவதுதான். அங்கே ஒவ்வொரு பகுதி உள்ளாட்சியிலும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. வாங்கியவர் என்ற முறையில் உங்கள் மருமகனே அதற்குப் புகார் கொடுக்கலாம். பாக்கெட்டைப் பிரித்துவிட்டாலும் உறையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். கடை ரசீது தேதியோடு வேண்டும். உறையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து உங்களுக்கும் சங்கச் செயலாளருக்கும் அனுப்பட்டும். பின்பக்கத்துப் படம் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.